கத்தரிக்கோலை வச்சிட்டுப் போ

கரை உடைந்த மாலையில் ஆளுக்கு ஒரு பொருளைத்தான் எடுக்க முடிந்தது. அண்ணி பிளாஸ்கை எடுத்தாள். பக்கத்து வீட்டு லாரி டிரைவர், ஏனென்று அவருக்கே தெரியாமல், ஒரு தலையணையை எடுத்தார். அண்ணியின் நாத்தனார் ஊசி, நகை டப்பாவை மறந்துவிட்டுத் தன் கத்தரிக்கோலை எடுத்தாள்.

இடுப்பளவு தண்ணீரில் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே பள்ளிக்கூடம் வரை நடந்தாள். மாடிப்படி ஏறியதும் ஒரு மேஜை. மேஜை மேல் ஒரு பிஸ்கட் டப்பா. மேஜைக்குப் பின்னால், கழுத்தில் விசிலோடு, அவளுடைய சொந்த அண்ணன்.

"கத்தரிக்கோலை வச்சிட்டுப் போ" என்றான்.

ஊசி என்பது வீட்டில் வைத்த பெயர். ஆள் ஒல்லி. பேச்சு பட்ட இடத்தில் குத்தும். தையல் கடை நடத்துகிறவள். ஆனால் அன்று நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் பேசாமல் டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அண்ணன் அந்தப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். இப்போது முகாமின் பொறுப்பு அவனிடம். ஊரில் எல்லாரும் அவனை 'விசில்' என்றுதான் சொல்வார்கள், அவன் காதில் விழாதபடி. கீழ்த்தளம் தண்ணீருக்குள் இருந்தது. முதல் மாடியிலிருந்த பெரிய ஹாலில், தரையில் வரைந்திருந்த பேட்மிண்டன் கோடுகளை வைத்து அவன் குடும்பங்களுக்கு இடம் பிரித்துக் கொடுத்தான். நல்ல இடமெல்லாம் ஊராருக்கு. தன் குடும்பத்துக்குக் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து மூலை.

"என் வீட்டுக்குன்னு தனியா ஒரு விசில் கிடையாது" என்று அதற்கு விளக்கமும் சொன்னான்.

ஹால் வாசல் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தான்: கத்தி, கத்தரி, பிளேடு, அரிவாள் உள்ளே அனுமதி இல்லை. விடிவதற்குள் யாரோ அதற்குக் கீழே சிறிய எழுத்தில் சேர்த்திருந்தார்கள்: நாக்கு?

மறுநாள் காலையில் படகில் ஒரு பெரிய பேல் மூட்டை வந்து இறங்கியது. பிரித்தால், உள்ளே வெறும் பருத்தித் துணி. சட்டையுமில்லை, பாவாடையுமில்லை. நீலமும் வெள்ளையுமாகச் சுருள் சுருளாகத் துணி.

"யாரோ புண்ணியவான் கடையைக் காலி பண்ணியிருக்கான்" என்றார் லாரி டிரைவர்.

ஊசியின் கண்கள் துணியில் இல்லை. ஹாலில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளை அளந்துகொண்டிருந்தன. பாதிப் பேர் நேற்றைய ஈர உடையில் இருந்தார்கள். இரட்டைப் பெண்குழந்தைகள் இரண்டு ஒரே துண்டுக்குள் இருந்தன. தும்மல் ஹாலின் இந்த மூலையில் தொடங்கி அந்த மூலை வரை போய்க்கொண்டிருந்தது. முகாமுக்கு வந்திருந்த நர்ஸ் காலையிலேயே சொல்லிவிட்டாள்: இன்று இரவும் ஈரத்தோடு படுத்தால் நாளைக்கு எல்லாருக்கும் காய்ச்சல்.

ஊசி நேரே அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, கத்தரிக்கோலைக் குடு. சாயங்காலத்துக்குள்ள எல்லாப் பிள்ளைக்கும் ஒரு கவுன் வெட்டிடறேன். கையால தைக்க ஆள் இருக்கு."

"முடியாது."

"துணி வெட்டத்தான் கேக்கறேன். உன் கழுத்தை வெட்ட இல்ல."

"இன்னிக்கு உனக்குக் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. தங்கச்சிக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமான்னு கேப்பாங்க."

"நான் கேக்கமாட்டேன் மாஸ்டர்" என்றார் லாரி டிரைவர்.

"நீங்க சும்மா இருங்க" என்று அவரை அடக்கிவிட்டு, அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "ஊசி, போன வருஷ வெள்ளத்துல நான் வேற முகாம்ல இருந்தேன். உனக்கே தெரியும். பாய் விரிக்கிற இடத்துக்குச் சண்டை. பழம் நறுக்குற சின்னக் கத்திதான். வெட்டுப்பட்ட ஆளு கையைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் படகுல போனவன் நான். அந்த ஆளு தச்சு வேலை செய்றவரு. இப்ப அந்தக் கையால ஒரு டம்ளர் பிடிக்க முடியல அவரால. இந்த ஹால்ல அப்படி ஒண்ணு நடக்க விடமாட்டேன்."

சொல்லும்போது அவன் தன் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஊசி அதைக் கவனித்தாள். ஆனாலும் பதில் வழக்கம்போல் குத்துகிற இடத்தில்தான் வந்தது.

"கத்தி பண்ணின தப்புன்னு சொல்றே. ரெண்டு குடும்பத்துக்கு ஒரே பாய் இடம் குடுத்தவனை யாராவது கேட்டீங்களா?"

"அதையும் கேட்டாச்சு. அதனாலதான் இங்க கோடு போட்டு இடம் குடுத்திருக்கேன்."

"அப்போ கோடு போட்டாச்சுல்ல. கத்தரிக்கோலைக் குடு."

"கையால கிழிச்சுத் தை."

"கழுத்து வட்டம் கையால வருமா? கிழிச்சா துணி நேராத்தான் போகும். அக்குளுக்கு வளைவு வேணும். நீ வேணா சதுரக் கழுத்தோட ஒரு பிள்ளையைக் கொண்டு வா, நான் கிழிச்சுத் தைக்கிறேன்."

பக்கத்தில் நின்ற சலூன்காரர் சிரித்துவிட்டார். அண்ணன் அவரைப் பார்த்தான். அவர் சிரிப்பைத் தொப்பிக்குள் மறைப்பதுபோல் தொப்பியை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஊசிக்குக் கோபம் தலைக்கேறியது. சொல்லக் கூடாததைச் சொன்னாள்.

"'கத்தரிக்கோலை வச்சிட்டுப் போ.' இதே வார்த்தையை நீ ஏற்கெனவே ஒருத்தன்கிட்ட சொன்னே. அவன் வச்சிட்டும் போகல. திரும்பியும் வரல."

அண்ணன் முகம் செத்துவிட்டது. விசிலைக் கையில் எடுத்தான், ஊதாமல் விட்டான், படிக்கட்டுப் பக்கம் நடந்துவிட்டான்.

அந்த வீட்டில் பிள்ளைகள் மூவர். சின்னவன் பேச்சை யாரும் எடுப்பதில்லை. தையல் கடையை விட்டுவிட்டு நாடகக் குழுவோடு சேர்ந்து ராஜா உடையும் ராணி உடையும் தைக்கப் போகிறேன் என்று அவன் கிளம்பிய அன்று அண்ணன் சொன்ன வார்த்தை அது. அப்பா அவனுக்கென்றே தனியாகச் சொல்லி வாங்கிக் கொடுத்த கத்தரிக்கோல். அதை அவன் பையில் போட்டுக்கொண்டு போனான். பிறகு ஒரு போன்கூட இல்லை.

மதியம் அண்ணி சாப்பாடு போட்டாள். முகாமின் சமையல் அவள் மேற்பார்வையில். முதல் நாள் இரவு காரட் முழுசு முழுசாக வெந்து வந்திருந்தது. லாரி டிரைவர் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கி, "இதைக் கடிக்கணுமா, கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கணுமா?" என்று கேட்டிருந்தார். இன்றைக்குக் காரட் வட்ட வட்டமாக, நாணயம்போல் ஒரே கனத்தில் இருந்தது.

ஊசி தட்டைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கூரையைப் பார்த்தாள்.

"சாப்பிடு, ஆறிடும்" என்றாள் அண்ணி.

சாப்பாட்டுக்குப் பிறகு ஊசி பிடிவாதமாகத் துணியைக் கிழிக்க உட்கார்ந்தாள். பல்லால் விளிம்பைக் கடித்து, இரண்டு கையாலும் இழுத்தாள். சர்ரென்று நேராகக் கிழிந்தது. துண்டு வந்தது, போர்வை வந்தது, கவுன் வரவில்லை. ஒரு கழுத்தை முயன்று பார்த்தாள். துணி வாயைப் பிளந்து அவளைப் பார்த்துச் சிரித்தது.

"இதெல்லாம் திரைக்குத்தான் ஆகும்" என்று சலிப்போடு ஒதுக்கினாள்.

அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான். பெண்கள் உடை மாற்ற மறைவு கேட்டுக் காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, கத்தரி இல்லாமலே ஒரு வேலை ஆச்சு" என்றான். இரண்டு மணி நேரத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. சமாதானத்துக்குத்தான் வந்தான், பாவம். வாயில் வந்தது மட்டும் வம்பாக வந்தது.

திரை தொங்கவிட, பேட்மிண்டன் வலை கட்டும் நைலான் கயிற்றை எடுத்தான். மேஜை மேல் பெஞ்சைப் போட்டான். அதன் மேல் ஏறி, ஹாலின் மேடை ஓரத்தில் கூரையிலிருந்த கொக்கியில் தன் பேர்போன முடிச்சைப் போட்டான். பதினெட்டு வருடமாக மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், எவனாலும் அவிழ்க்க முடியாது. கயிறு விறைப்பாக நிற்க, நுனியில் ஒரு வளையம் போட்டுக் காலைக் கொடுத்து உடம்புப் பாரத்தால் அழுத்த வேண்டும் என்பது அவனுடைய முறை.

அழுத்தினான். பெஞ்சு கவிழ்ந்தது.

அடுத்த நொடி முகாமின் பொறுப்பாளர் தலைகீழாக இருந்தார். இரண்டு உள்ளங்கைகளும் தரையில். ஒரு கால் காற்றில் உதைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு கால் கூரையைக் காட்டி, கணுக்காலில் கயிறு கவ்வியிருந்தது. காலையில் பிஸ்கட் டப்பாவைப் பூட்டிவைத்த அலமாரியின் சாவி சட்டைப் பையிலிருந்து நழுவி, தரையில் குதித்து, மேடைப் பலகை இடுக்கில் புகுந்து மறைந்தது.

பிள்ளைகள் கை தட்டினார்கள். மாஸ்டர் ஏதோ பயிற்சி காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

லாரி டிரைவர் ஓடிவந்து தோளைத் தாங்கினார். தலையணையைக் கொண்டுவந்து அவன் தலைக்குக் கீழே வைத்தார். "எதுக்கு எடுத்தேன்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

சலூன்காரர் முடிச்சில் விரலை வைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"அவிழாது" என்றான் அண்ணன் தலைகீழாக. வலியிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "அது என் முடிச்சு."

கணுக்காலுக்குக் கீழே பாதம் நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. நர்ஸ் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கயிறை வெட்டுங்க. சீக்கிரம்" என்றாள்.

யாரும் நகரவில்லை. அலமாரிக்குள் டப்பா. அலமாரிச் சாவி மேடைக்குள். அண்ணன் அத்தனை முகங்களையும் கீழிருந்து மேலாகப் பார்த்தான்.

"யாருகிட்டயாவது... ஏதாவது இருந்தா" என்றான். "எடுங்க. நான் எதுவும் கேக்கமாட்டேன்."

முதலில் பிளாஸ்க் மூடி திருகும் சத்தம் கேட்டது.

அண்ணி பிளாஸ்கைக் கவிழ்த்தாள். தேநீர் வரவில்லை. துணியில் சுற்றிய காய்கறிக் கத்தி வந்தது.

"நீயா?" என்றான் அண்ணன்.

"பேசாம தொங்குங்க" என்றாள் அண்ணி. நாற்காலியில் ஏறிக் கயிற்றை அறுக்கத் தொடங்கினாள். காய்கறிக் கத்திக்கு நைலான் மசியவில்லை.

"இதை வச்சுப் பாருங்க அக்கா." சலூன்காரர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே சவரக்கத்தி இருந்தது.

"அதுக்கு இது தேவலாம்." லாரி டிரைவர் இடுப்பிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்தார். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பால்பவுடர் டப்பாவுக்குள் விரலை விட்டுப் பாதிப் பிளேடு எடுத்தாள். ரிட்டையரான தலைமைக் குமாஸ்தா ஒருவர், வந்ததிலிருந்து யாரிடமும் பேசாதவர், ஊன்றுகோலின் பிடியைத் திருகினார்; உள்ளிருந்து ஒரு பேனாக்கத்தி நீண்டது. நர்ஸ்கூட, ஒரு கணம் தயங்கிவிட்டு, சாக்ஸுக்குள்ளிருந்து கட்டுத் துணி வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தாள்.

மடக்குக் கத்திக்குக் கயிறு அறுந்தது. அண்ணன் தலையணை மேல் பத்திரமாக இறங்கினான்.

கால் வீங்கியிருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை என்றாள் நர்ஸ். வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். முன்னால் தரையில் கத்திகள் வரிசையாகக் கிடந்தன. ஒரு சின்னக் கடையே வைக்கலாம்.

"நேத்துலேருந்து இத்தனையும் உள்ள இருந்திருக்கு" என்றான் மெதுவாக.

"ஒரு சண்டை நடந்துதா மாஸ்டர்?" என்றார் லாரி டிரைவர்.

"நடக்கல. ஆனா யார்கிட்ட என்ன இருக்குன்னு தெரியாம நான் நிம்மதியாத் தூங்கியிருக்கேன் பாருங்க. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு." வரிசையைக் கையால் காட்டினான். "எல்லாம் அந்த மேடை மேஜையில இருக்கட்டும். திறந்தே இருக்கட்டும், எல்லார் கண்ணுலயும் படற மாதிரி. வேணுங்கறவங்க எடுங்க, வேலை முடிஞ்சதும் அங்கேயே வைங்க. இடுப்புலயும் தொப்பியிலயும் எதுவும் வேண்டாம்."

"பிளாஸ்க்ல?" என்றாள் அண்ணி.

"உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்."

"பேசுங்க. காரட்டை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்க, வட்டமா எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்களா?"

ஹால் முழுக்கச் சிரித்தது. அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தவன்போல் தலையைத் தூக்கினான்.

"அப்போ அந்த டப்பாவுக்குள்ள என்னதான் இருக்கு?"

எல்லாரும் ஊசியைப் பார்த்தார்கள்.

"என்னோடது" என்றாள் ஊசி.

"உன்னோடது மட்டுமா? மொத்த முகாம்ல என் பேச்சைக் கேட்டவ நீ ஒருத்திதானா?"

"வெளியில சொல்லிடாதே. என் பேர் கெட்டுடும்."

ரிட்டையரான குமாஸ்தா ஊன்றுகோலை மேடை இடுக்கில் விட்டுச் சாவியைத் தள்ளி வெளியே எடுத்தார். ஊசி அலமாரியைத் திறந்தாள். டப்பா மூடியைப் பிடுங்கினாள். பார்க்கக்கூட இல்லை, கறுப்புப் பிடி கையில் பட்டதும் இழுத்துக்கொண்டு துணியை நோக்கி ஓடினாள். இரட்டைக் குழந்தைகளில் ஒன்றை ஏற்கெனவே துணிமேல் படுக்கவைத்து, சாக்பீஸால் சுற்றிலும் கோடு போட்டு வைத்திருந்தாள்.

குனிந்து கழுத்து வட்டத்தில் கத்தரியை வைத்தாள்.

வெட்டவில்லை.

துணி இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்துகொண்டது. மறுபடி அழுத்தினாள். மறுபடி மடிந்தது. கட்டைவிரல் வளையம் தப்பான பக்கத்தில் அழுத்தி வலித்தது.

"துரு பிடிச்சிடுச்சா?" என்று கேட்டாள் அண்ணி.

ஊசி கத்தரிக்கோலை இடது கைக்கு மாற்றினாள். துணியில் வைத்தாள். வெண்ணெயில் போவதுபோல் போனது.

அதைக் கையில் பிடித்தபடியே டப்பாவிடம் திரும்பி நடந்தாள். அடியில் அவளுடைய கத்தரிக்கோல் அவள் போட்டபடியே கிடந்தது. அவளுடையது வலது கைக்காரருடையது. அப்பா சின்னவனுக்காக இடது கைக்கென்று சொல்லிச் செய்யவைத்தது ஊரிலேயே ஒன்றுதான்.

"அண்ணே" என்றாள். குரல் வேறாக இருந்தது. கத்தரிக்கோலை நீட்டினாள்.

அண்ணன் வாளியிலிருந்து காலை எடுத்தான்.

"டப்பா ராத்திரி யார்கிட்ட இருந்துச்சு?"

"மேஜையிலதான் சார் இருந்துச்சு. நான்தான் காவல்" என்றார் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். "விடியற நேரத்துல ஒருத்தர் வந்தாரு. தோள்ல பெரிய பை. நான் கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்து உள்ள போட்டாரு. இங்க யாரு பொறுப்புன்னு கேட்டாரு. விசி... டிரில் மாஸ்டருன்னு சொன்னேன். சிரிச்சாரு. சிரிச்சுட்டு, 'வச்சாச்சுன்னு சொல்லிடுங்க'ன்னாரு. நீங்க எழுந்ததும் சொல்லணும்னு நினைச்சேன், பேல் வந்துச்சா, மறந்துட்டேன்."

அண்ணன் அந்த வார்த்தையைத் தனக்குள் சொல்லிப் பார்த்தான். வச்சிட்டுப் போ என்றிருந்தான் அன்று. இன்று தம்பி வைத்துவிட்டான்.

"போயிட்டானா?" என்றான்.

"எங்க போவான்? சுத்தித் தண்ணி" என்றாள் அண்ணி. "அவனுக்கு நீச்சலும் வராது."

"மேல் மாடி வகுப்புல தங்கினாரு" என்றார் வாட்ச்மேன். "ஆனா வெளியூர்க்காரங்களை அக்கரைக்குக் கூட்டிட்டுப் போறாங்கல்ல. அந்த லிஸ்ட்ல அவரு பேரும்..."

சன்னலுக்கு வெளியே படகின் மோட்டார் உறுமியது.

அண்ணன் ஒரு காலில் குதித்துக்கொண்டே படிக்கட்டுக்குப் போனான். லாரி டிரைவர் ஒரு பக்கம், சலூன்காரர் ஒரு பக்கம் தாங்கினார்கள். ஊசி அவர்களைத் தாண்டி முன்னால் ஓடினாள். படகு படியை விட்டு விலகித் தெருவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே எல்லாரும் ஒரே மாதிரி மஞ்சள் மழைக்கோட்டுப் போட்டு, தலையை மூடி, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணன் விசிலை வாயில் வைத்தான். அந்த விசிலை அவன் தன் வீட்டுக்கென்று ஊதியதில்லை. ஒரு கணம் ஊராரைத் திரும்பிப் பார்த்தான், அனுமதி கேட்பவன்போல.

"ஊதுங்க மாஸ்டர்" என்றார் லாரி டிரைவர். "நாங்க எதுவும் கேக்கமாட்டோம்."

ஊதினான். கன்னம் உப்ப, கண் பிதுங்க, மூச்சு தீரும்வரை ஊதினான். மேல் மாடிச் சன்னல்களெல்லாம் திறந்தன. பிள்ளைகள் பழக்கத்தில் வரிசையாக நின்றுவிட்டார்கள். படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினார்.

ஊசி கூப்பிடவில்லை. நேற்றுப் போலவே, ஆனால் இன்று தம்பியின் கத்தரிக்கோலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். வெயில் வந்திருந்தது. அலகு மின்னியது.

மஞ்சள் முதுகுகளுக்கு நடுவில் ஒரு கை உயர்ந்தது. இடது கை.

"நிறுத்தச் சொல்றானா, போயிட்டு வரேங்கறானா?" என்றாள் அண்ணி.

படகு அணைந்த மோட்டாரோடு, நீரோட்டத்தின் போக்கில், மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.